பன்னெண்டு குரல்ல ஒரு கரிச்சான்

ஒரு காட்டுல ஒரு நாவல் மரம், அதுல ஒரு கரிச்சான். எந்தப் பறவை குரலும் அதுக்குத் தண்ணி பட்ட பாடு.

ஒருநாள் மலை அணில் மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. "மாப்ள, பறவை அதிகமா வராத மரத்தை எல்லாம் வெட்டப் போறாங்களாம்! யுனிவர்சிட்டில காட்டுயிர் படிக்கிற பொண்ணு ஒண்ணு பறவைங்களை எண்ண வருது. அஞ்சு நிமிஷம் காதால கேட்டே எழுதிடுமாம்."

கரிச்சான் திரும்பித் தன் கூட்டைப் பாத்துச்சு. கூட்டுல மூணு முட்டை இருக்கே! "காதாலதானே? விடு, நான் பாத்துக்கறேன்."

பொண்ணு வந்து நோட்டைத் திறந்துச்சு. உடனே குக்குறுவான், மரங்கொத்தி, மைனா, கழுகுன்னு பன்னெண்டு பேரா மாறி மாறிக் கத்துச்சு கரிச்சான்.

"கழுகுக்கு இருமல் வேற எதுக்குடா?"ன்னு அணில் தலையில அடிச்சுக்கிச்சு.

பொண்ணு சிரிச்சுக்கிட்டே போனை எடுத்து புரொபசரைக் கூப்பிட்டுச்சு. "மேடம், இங்க பறவை ஒண்ணே ஒண்ணுதான். கரிச்சான்."

கரிச்சானுக்குப் பாதி உசுரு போயிடுச்சு.

"ஆனா பன்னெண்டு பேர் மாதிரி பேசுது மேடம். கேட்டுக் கேட்டுப் பழகாம அதுக்கு இப்படி வராது. அத்தனை பேரும் இங்க வந்து போறாங்க. இந்த மரத்தை விட்டுடணும்னு எழுதறேன். நாளைக்கு வந்து மத்தவங்களையும் எண்ணிடறேன்."

மறுநாள் அணில் கேட்டுச்சு: "யார் குரல்ல நன்றி சொல்லப் போற, மாப்ள?"

பொண்ணு நோட்டைத் திறந்து மூடுற வரைக்கும், முழுசா அஞ்சு நிமிஷம், மத்தவங்க குரல் கேக்கட்டும்னு கரிச்சான் அலகை இறுக்கி மூடிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. வாலு மட்டும் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு.