பூத்த புகையிலை

“ஏன்னா, உங்க புகையிலைல பூஞ்சை புடிச்சிருந்தது. எடுத்து வெயில்ல போட்டிருக்கேன்.”

வெங்கடகிருஷ்ணன் செய்தித்தாளைக் கீழே வைத்தார். “எந்தப் புகையிலை?”

“பரண்ல இருந்த ஜாடி.”

அவர் மாடிப்படி ஏறிய வேகத்தைப் பார்த்தால், போன வருடம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் என்று ஹைதராபாத் மாரெட்பள்ளியில் யாரும் நம்பமாட்டார்கள்.

மொட்டைமாடியில் மே மாத வெயில். பழைய வேட்டியில் வரிசையாக வடாம். அதன் ஓரத்தில் அவருடைய பத்து வருடக் காத்திருப்பு காய்ந்துகொண்டிருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கினார். பொடியாக உதிர்ந்தது. முகர்ந்தார். வைக்கோலுக்குக்கூட இதைவிட மணம் உண்டு.

“எப்போ போட்டே?”

“நேத்து கார்த்தால. வடாத்தோட சேர்த்து. இன்னிக்கு ரெண்டாம் வெயில்.” அபயாம்பாள் பின்னாலேயே ஏறி வந்திருந்தாள்.

“அது பூஞ்சை இல்லடி! சர்க்கரை. இலைக்குள்ள இருக்கற சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமா வெளில வந்து பூக்கும். பூத்தாதான் பக்குவத்துக்கு வந்துடுத்துன்னு அர்த்தம்.”

“வெள்ளையா இருந்தா பூஞ்சைன்னுதானே தோணும்? நான் என்னத்தைக் கண்டேன்?” என்று ஒரு வடாத்தைத் திருப்பிப் போட்டாள். கம்பெனி பஸ்ஸில் நாச்சாரத்துக்கு வேலைக்குப் போய்வந்த காலத்தில்கூட அவள் மே மாத வடாத்தை விட்டதில்லை.

இன்று பார்த்து இப்படி ஆகியிருக்க வேண்டாம். சாயங்காலம் முகமது யூசுப் வருகிறார்.

டிஃபென்ஸ் லேபில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஓய்வு பெற்ற வாரம் ஒரே புகையிலையை வாங்கி, பாதிப் பாதியாகக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து மெழுகு வைத்தார்கள். புகையிலை எங்கே நன்றாக முதிரும்? பரணின் இளஞ்சூட்டில் என்றார் இவர். கட்டிலடி இருட்டில் என்றார் யூசுப். பத்து வருடம் கழித்துத் திறப்பது. தோற்றவர் பைப்பையே விட்டுவிடுவது.

டாக்டர் இவரை உடனே விடச் சொல்லிவிட்டார். அபயாம்பாள் தினமும் சொன்னாள். “பந்தயம் முடியட்டும்” என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தார். தோற்போம் என்று அவர் நினைத்ததே இல்லை.

காய்ந்ததை அள்ளி ஜாடியில் போட்டு, ஒரு உருளைக்கிழங்குத் துண்டையும் உள்ளே வைத்து மூடினார். சாயங்காலத்துக்குள் ஈரம் திரும்பியது. மணம் திரும்பவில்லை.

“என்ன வெங்கட், மூஞ்சி தொங்கிப்போச்சு? இப்பவே தோத்துட்டேன்னு சொல்லிடறியா?” யூசுப் ஒரு துண்டில் சுற்றிய ஜாடியோடு வந்து உட்கார்ந்தார். பூர்வீகம் ஆம்பூர், பேச்சில் பாதி ஹைதராபாத்.

“நக்கோ, அதெல்லாம் வேண்டாம். முதல்ல உன்னோடதைத் திற.”

மெழுகைக் கீறி மூடியைத் திருகியதும் கூடம் முழுக்க மணம் பரவியது. காய்ந்த அத்திப்பழம். பழைய வெல்லம். இலை ஏறக்குறையக் கறுப்பாகியிருந்தது; அதன்மேல் பொடிப்பொடியாக வெள்ளை. வெங்கடகிருஷ்ணன் பந்தயத்தை மறந்து ஜாடிக்குள் மூக்கை விட்டார்.

“வாங்கினப்போ நாக்கைக் கடிச்சுதே யூசுப்! பச்சை நெடி அடிச்சுதே!”

“ஹவ், ஆமா. இப்ப இழுத்துப் பாரு.”

இழுத்தார். கடிக்கவில்லை. புகை நாக்கில் தேன்போல உட்கார்ந்தது. அதே இலை, அதே வருடங்கள். எதையும் சேர்க்கவில்லை, இருட்டில் சும்மா விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இன்னொரு முறை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்தது இவருடையது. யூசுப் இரண்டு இழுப்பு இழுத்தார். பைப்பை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

“என்னய்யா இது? வறட்டியா?”

சொல்லிவிடலாம். வெயிலில் காயவைத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் யூசுப் பந்தயத்தையே கலைத்துவிடுவார். பைப்பும் தப்பிக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அபயாம்பாள் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். தலையைக் குனிந்திருந்தாள். தெரியாமல் செய்தவளை இன்னொருவர் முன்னால் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

“பரண் சூடு ஜாஸ்தி போலிருக்கு,” என்றார். “நீ ஜெயிச்சுட்டே.”

யூசுப் சிரித்தார். பிறகு நண்பனின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “விளையாட்டுக்குச் சொன்னதுதானே வெங்கட். விடு.”

“பேச்சு பேச்சுதான்.”

தன் பைப்பைத் துடைத்து யூசுப் கையில் கொடுத்தார். வாசல் வரை போய் வழியனுப்பினார்.

“பாபி, வடாம் பொரிச்சா ஒரு டப்பா அனுப்புங்க!” என்று ஆட்டோவிலிருந்து யூசுப் கத்தினார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மகள் ஷோபா அமீர்பேட்டில் வகுப்பு எடுத்துவிட்டு வந்தாள். வந்ததும் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

“அம்மா, இந்தச் சாக்லெட்டெல்லாம் வெள்ளையா பூஞ்சை புடிச்சிருக்கு. தூக்கிப் போட்டுடவா?”

“பூஞ்சையாவது ஒண்ணாவது! சர்க்கரை பூத்திருக்கு, பேசாம சாப்பிடு,” என்றாள் அபயாம்பாள், வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல். “நாச்சாரம் சாக்லெட் ஃபேக்டரில முப்பது வருஷம் எது பூஞ்சை, எது சர்க்கரைன்னு பிரிச்சுச் சொல்லித்தானேடி நான் சம்பளம் வாங்கினேன்?”

கூடத்தில், பழக்கத்தில் பைப்பைத் தேடிச் சட்டைப்பைக்குப் போன வெங்கடகிருஷ்ணனின் கை அங்கேயே நின்றது.