கூடுதலாக நாற்பது சென்டிமீட்டர்

“ஒரு விரக்கடைகூடக் குறைக்க மாட்டேன். உங்க அளவு நாடாவைச் சுருட்டி உள்ள வைங்க,” என்றாள் கெர்டா.

எழுபது வயது. கையில் மண்வெட்டி வேறு.

டென்மார்க்கில் வேலித் தகராறு என்று எழுதிப் போட்டால் மூன்று நடுவர்கள் வேலிக்கே வந்துவிடுவார்கள். அங்கேயே விசாரணை, அங்கேயே தீர்ப்பு. தலைவி மர்கிட் அளந்து முடித்திருந்தாள். விதிப்படி நூற்றெண்பது சென்டிமீட்டர். கெர்டாவின் பலகை வேலி இருநூற்றிருபது.

புகார் கொடுத்தவர் அடுத்த வீட்டு ஐனர். கப்பல் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

“இவ்வளவு உசரத்துக்கு மறைக்க இந்தம்மா வீட்டுல அப்படி என்ன இருக்குன்னு கேளுங்க. என் தோட்டமே இருண்டு கிடக்கு. என் பொண்டாட்டி லிஸ்பெத் தங்கச்சி வீட்டுலேர்ந்து திரும்பி வந்தா, இதைப் பார்த்து அழுதுடுவா.”

மர்கிட் கெர்டா பக்கம் திரும்பினாள். “தக்க காரணம் இருந்தா அனுமதி தரலாம். சொல்லுங்க.”

“காரணம் இருக்கு. சொன்னா என்ன பண்ணுவீங்க?”

“எழுதி, ரெண்டு பேருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுவோம். அதுதான் முறை.”

“அப்ப சொல்ல மாட்டேன்.”

“சொல்லலேன்னா வேலியை அறுக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதணும்.”

“தாராளமா எழுதுங்க. அறுத்த மறுநாளே திரும்ப அடிப்பேன். மறுபடி வாங்க, காபி தர்றேன்.”

“பார்த்தீங்களா கொழுப்பை,” என்ற ஐனர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போனார்.

மர்கிட்டுக்கு எரிச்சல். பிடிவாதக் கிழவிக்குப் பாடம் கற்பித்தே ஆக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கை கழுவ கெர்டாவின் சமையலறைக்குப் போனாள்.

மேட்டில் கட்டிய வீடு. கெர்டா குள்ளம். மர்கிட்டோ ஆறடி. குழாயைத் திறந்தவளின் பார்வை ஜன்னல் வழியே வேலியைத் தாண்டிப் போனது.

ஐனர் வீட்டுப் பின்வாசலில் லிஸ்பெத் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் கட்டுவதுபோல் கழுத்தில் துண்டு. ஐனர் ஓட்ஸ் கஞ்சியை ஊட்டினார். அவள் கரண்டியைத் தட்டிவிட்டு அவர் கன்னத்தில் அறைந்தாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டி எடுத்தார்.

மர்கிட் குழாயை மூடினாள். பின்னால் கெர்டா வந்து நின்றாள்.

“தங்கச்சி வீட்டுல இருக்கான்னு அவர் ஊருக்கே சொல்லியிருக்கார். அப்ப தங்கச்சி வீட்டுலதான் இருக்கா. நீங்க வெளியில வாயைத் திறந்தா நான் மனுஷியா இருக்க மாட்டேன்.”

மர்கிட் வெளியே வந்தாள். தீர்ப்பை எழுதி, ஐனரைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்தாள்.

“கடற்காற்று பலமாக இருப்பதால் வேலி இப்படியே இருக்கலாம்.”

ஒரு இலைகூட அசையவில்லை. மற்ற இரண்டு நடுவர்களும் தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். ஐனர் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார்.

கிளம்பும்போது மர்கிட் மெல்லக் கேட்டாள். “ஜன்னலுக்கு ஒரு திரை போட்டிருந்தா போதுமே. எதுக்கு இத்தனை வம்பு?”

“இந்தத் தெருவுல யாரு பட்டப்பகல்ல திரையை இழுத்து விடுறா? விட்டா, நான் பார்த்துட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். வேலின்னா, திமிர் புடிச்ச கிழவின்னு திட்டிட்டுப் போயிடுவார்.”