எச்சில் படாமல்

மகள் குயிலியின் கல்யாணத்துக்குச் சிலி நாட்டுக்குப் போக மறுத்தவர் நல்லசிவம். இன்று சிலிக்காரச் சம்பந்தியே அவர் வீடு தேடி வந்துவிட்டார். மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் சொதி மணத்தது.

"ஒரு வாய் குடிங்கப்பா. மாமா தோட்டத்துத் திராட்சையில செஞ்ச ஒயின், உங்களுக்குன்னே கொண்டாந்திருக்காங்க" என்று, காம்பு வைத்த கண்ணாடிக் கிளாஸை நீட்டினாள் குயிலி.

தண்ணீரைக்கூட எச்சில் படாமல் குடிக்கிறவர் நல்லசிவம். அண்ணாந்து ஊற்றினார். கிளாஸ் கைக்கு அடங்கவில்லை. வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு. குயிலி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சம்பந்தி சிரிக்கவில்லை. இதுதான் இந்த வீட்டு முறை என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் அண்ணாந்து, தாடி நனைய ஊற்றிக்கொண்டார். பிறகு இலையில் இருந்த சொதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இரண்டு கிளாஸையும் நிரப்பினார்.

நல்லசிவம் தன்னுடையதை எடுத்தார். இந்த முறை கை மேலே போகவில்லை. உதட்டருகே வந்து நின்றது.