நாற்பத்திரண்டாம் இலக்க வீடு

கல்விச் சபையின் கடிதத்தைப் பார்த்ததும் டெனிஸ்டன் தாம்தூமென்று குதித்தார். பள்ளிக்கூட எல்லையை மாற்றிவிட்டார்களாம். மகள் நடாஷா செப்டெம்பரில் சேர இருந்த, வாசலில் நின்றாலே தெரிகிற பள்ளிக்கூடம் இனி அவருடைய தெருவுக்கு இல்லையாம்.

"உது சுத்தத் துவேசம்! நான் கோட்டுக்குப் போறன்!"

"போங்கோ அண்ணை, நாங்களும் வாறம்" என்றாள் டோர்செட் பார்க் அடுக்குமாடியில் இருக்கும் வேரோனிக்கா.

சொன்னபடியே தன் அடுக்குமாடியிலிருந்து பதின்மூன்று குடும்பங்களையும், ஒரு பெட்டி பற்றிஸ் பலகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். டெனிஸ்டனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இந்தத் தெருவை எல்லையிலிருந்து ஏன் வெட்டினீர்கள்?" என்று நீதிபதி கேட்டார்.

கல்விச் சபை வழக்கறிஞர் எழுந்தார். "எல்லா இனப் பிள்ளைகளும் கலந்து படிக்கத்தான், ஐயா. பதிவைப் பாருங்கள். இந்தத் தெருவில் ஒரே தமிழ்ப் பிள்ளைகள். நாற்பத்திரண்டாம் இலக்க வீட்டில் மட்டும் பத்தொன்பது பேர்! டோர்செட் பார்க் அடுக்குமாடியிலோ ஒரு தமிழ்ப் பிள்ளைகூட இல்லை. அதனால் தெருவை நீக்கி, அந்த அடுக்குமாடியைச் சேர்த்தோம்."

நாற்பத்திரண்டு டெனிஸ்டனின் வீடு. வேரோனிக்காவின் மகனை அந்தப் பள்ளிக்கூடத்தில் பதிய மட்டும், "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்று அவர் கொடுத்த அட்ரஸ்.

மெல்லத் திரும்பிப் பார்த்தார். பதின்மூன்று குடும்பங்களும் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வழக்குத் தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் வேரோனிக்கா பற்றிஸை நீட்டினாள்.

"யோசிக்காதேங்கோ அண்ணை. நடாஷாவுக்கு எங்கட அட்ரஸைக் குடுங்கோ. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."