ஆற்றிடம் மட்டும் கொஞ்சுகிறவன்

2061 மே 4, அம்பாசமுத்திரம்: ஆற்றுக் காவலர்களின் வேலையைப் புதுப்பிக்கும் முன், அவர்களுடைய மனைவியரை விசாரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பெண்ணை மட்டமாக நடத்துபவன் ஆற்றையும் அப்படித்தான் நடத்துவான் என்பது அரசின் கணிப்பு.

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. தாமிரபரணியில் ஒரு பிளாஸ்டிக் பை மிதந்தால்கூட அவள் புருஷன் கோமதிநாயகம் கழுத்தளவு நீரில் இறங்கி எடுப்பான். "என் தாயி, இப்படி இளைச்சிட்டியே" என்று ஆற்றிடம் கொஞ்சுவான். வீட்டுக்கு வந்தால், "ஏட்டி, சோத்த வையி" என்பதோடு பேச்சு முடிந்தது. ஒரு வாரமாக அவளுக்குக் காய்ச்சல் அடிப்பதுகூட அவனுக்குத் தெரியாது.

விசாரணை நாளன்று காலையில் அவன் கெஞ்சினான். "நல்லபடியாச் சொல்லிருட்டி. ஆத்தப் பிரிஞ்சு என்னால இருக்க முடியாது."

அவன் அவளிடம் கெஞ்சியது அதுவே முதல் தடவை. அதுவும் அந்த ஆற்றுக்காக.

"உங்ககிட்ட எப்படிப் பேசுவாருக்கா?" என்று கேட்டாள் விசாரிக்க வந்த பெண்.

"தெருநாயை வெரட்டுத மாதிரி," என்றாள் உலகம்மாள்.

அவனுக்கு வேலை போயிற்று. இப்போது பகல் முழுவதும் வீட்டில்தான் இருக்கிறான். உலகம்மாளிடம் பேசுவதில்லை.