நூற்று முப்பதுக்குக் கீழே

தொடர்ந்து பன்னிரண்டாம் நாளாகக் காலை ஆறு பத்துக்கு அமலோற்பவம் சுவர்க் கருவிக்குள் கையை நீட்டினாள். 184 என்று காட்டியது. "உங்களுக்கு ஒரு செய்தி காத்திருக்கிறது. ரத்த அழுத்தம் 130க்குக் கீழே வந்ததும் வழங்கப்படும்."

கெட்ட செய்தியை மட்டும்தான் இப்படி நிறுத்திவைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுடைய மகன்கள் இருவரும் ஒரே கப்பலில் வேலை பார்த்தார்கள்.

கணவர் சூசைக்கு எப்போதும் 118. அவருக்கு முதல் நாளே அந்தச் செய்தி வந்துவிட்டது. அவர் சொல்லி அவளுக்கு ஏதாவது ஆனால் அது கொலைக் குற்றம்.

அவள் உப்பை விட்டாள், கருவாட்டை விட்டாள், மாத்திரையை வேளை தவறாமல் போட்டாள். எண் ஏறிக்கொண்டே போனது.

இன்று தலை பிளந்தது. இட்லித் தட்டு இரண்டாகத் தெரிந்தது.

"தலைவலியோட பார்வையும் மங்கினா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்மா, வீட்ல உக்காந்து பாக்கக் கூடாது" என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் படுக்கையில் சேர்த்தால் செய்தி இன்னும் முப்பது நாள் தள்ளிப்போகும்.

அவள் தட்டுக்குப் பக்கத்தில் தடவுவதைச் சூசை பார்த்தார்.

"வண்டியக் கூப்பிடுறேன்."

"உங்களுக்கு மட்டும் நல்ல ரத்தம்" என்று சிரித்தபடி அவருடைய போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வாயத் திறக்க வேண்டாம், தலைய ஆட்டினாப் போதும். பெரியவனா, சின்னவனா?"