கேட்காத விடுப்பு

இந்த மனுஷன் எதற்கு இன்று இப்படிக் குழைகிறார்? தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் கேட்டபோது, "விமானத்தை உங்க வீட்டு வாசல்லயே இறக்கவா?" என்று நக்கலடித்தவராயிற்றே!

"கண்ணெல்லாம் குழி விழுந்திருச்சேம்மா. பத்து நாள் லீவு போட்டிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போய்த் தூங்கு," என்றார் யார் எந்த நாள் பறப்பது என்று ரோஸ்டர் போடும் அதிகாரி.

ஆறு நாளாக விமானத்தில் நின்ற அந்தப் பணிப்பெண்ணின் கால்கள் சரியென்றன. பேனாவை எடுத்தாள்.

"நான் கேக்கவே இல்லையே சார்?"

"கேட்டாத்தான் குடுக்கணுமா? நானும் பொண்ணைப் பெத்தவன்தான்."

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் நினைவுக்கு வந்தது. சேர்ந்தாற்போல் மூன்று நாள் விட்டுப்போகாமல் மூன்று வருடம் பறந்தால் வேலை நிரந்தரம். விட்டால் மறுபடி முதலிலிருந்து. அவளுக்கு மூன்று வருடம் முடிய இன்னும் நான்கே நாள்.

பேனாவை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அஞ்சாம் நாள் குடுங்க சார். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."